வட்டுச் செயலிழப்பு விழா

அரை மணி நேர வேலை என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். போன அன்று காலை மழமழவென்று முகம் மழித்திருந்தேன். அந்த அரை மணி நேரம் முடிந்தபோது எனக்கு நல்ல தாடி வளர்ந்திருந்தது. தெருவில் பார்த்தவர்கள் காதல் தோல்வியா என்று கேட்டார்கள். இல்லை, ஒரு ஹார்ட் டிஸ்க் இன்னும் தோற்க மாட்டேன் என்கிறது என்று சொன்னால் அவர்களுக்குப் புரியவா போகிறது?

யார் எவர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். காபி கொட்டிய கீபோர்டு, குழந்தை மிதித்த லேப்டாப், மை வராத பிரிண்டர், இவற்றோடுதான் என் பிழைப்பு. என் தங்கச்சி நர்ஸ். ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் போக, டாக்டருடைய நாயை நடக்கக் கூட்டிப்போவதும் அவள் தலையில்தான். நாய்க்கு அவளை நன்றாகத் தெரியும். டாக்டருக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. "ஏம்மா" என்பார், அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குப் பெரிய மருத்துவமனையில், பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை கிடைத்தது. படிக்கிற காலத்திலிருந்தே அந்தப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவள் அவள். ஆர்டர் வந்த அன்று வீட்டில் ஒருவரையும் தூங்கவிடவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. இவர் முறைப்படி பதிவு செய்த நர்ஸ்தான் என்று செவிலியர் பதிவகத்திலிருந்து புதிதாக ஒரு சான்று வாங்கி வர வேண்டும். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும்.

இதென்ன பெரிய விஷயம் என்று பதிவகத்துக்குப் போனாள். கவுண்டரில் ஒரு அட்டை தொங்கியது: 'வட்டுச் செயலிழப்புச் சோதனை முடியும் வரை சான்றுகள் வழங்கப்பட மாட்டா.' சோதனை எப்போது என்று கேட்டிருக்கிறாள். வெளி நிபுணர் ஒருவர் கிடைத்ததும் என்றார்கள். நிபுணர் எப்போது கிடைப்பார் என்று கேட்டிருக்கிறாள். தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அவள் சும்மா இருந்திருக்கலாம். "எங்க அண்ணன் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கார்" என்று வாயை விட்டுவிட்டாள். அடுத்த நாள் காலை என் கடை வாசலில் அலுவலக ஜீப் நின்றது. பக்கத்துக் கடைக்காரர் நான் ஏதோ திருட்டு சாமான் வாங்கி மாட்டிக்கொண்டேன் என்றே முடிவு கட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். அந்தப் பதிவகத்தில் இருக்கிற எல்லா நர்ஸ்களுடைய விவரமும் ஒரே சர்வரில் இருக்கிறது. அதில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அதே நொடியில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது வண்டியை ஓட்டும். எங்கள் தொழிலில் இதற்கு மிரர் என்று பெயர். பதிவகத்தில் 'ஆடி முறை இரட்டை வட்டு' என்று பெயர். எங்கேயோ ஓர் அலுவலகத்தில் டிஸ்க் செத்துப்போய் நாறிவிட்டதால், உங்கள் வட்டு செயலிழந்தால் என்ன ஆகும் என்று மேலிடம் கேட்டிருக்கிறது. செயலிழக்காது என்று இயக்குநர் பதில் போட்டிருக்கிறார். சோதித்துப் பார்த்தீர்களா என்று மேலிடம் திருப்பிக் கேட்டிருக்கிறது. அதிலிருந்து பிடித்தது சனி.

சோதிப்பது ஒரு வித்தையே இல்லை. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்கை உருவ வேண்டும். சர்வர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பச் செருகினால் அது மற்றதைப் பார்த்துத் தன்னைச் சரி செய்துகொள்ளும். ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், கட்டை விரல் போதும்.

சர்வர் அறைக்கு என்னை அழைத்துப் போனவர் கணினிப் பிரிவு அதிகாரி. எல்லாரும் அவரை சுவிட்ச் சார் என்பார்கள். எந்தக் கோளாறு வந்தாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார். சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை பண்ணச் சொல்வார். அந்தக் கட்டடத்தில் ஒழுங்காக ஏசி ஓடுகிற ஒரே அறை அதுதான் என்பதால் சர்வரைச் சுற்றி நாற்காலிகள் போட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு பாதி அலுவலகமும் அங்கேதான் கண்ணயரும். நான் போனபோதும் இரண்டு பேர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். சர்வரில் இரண்டு பச்சை விளக்குகள் எரிந்தன. நான் நேரே போய் ஒரு டிஸ்கின் கொக்கியில் கை வைத்தேன். சுவிட்ச் சார் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"சார், அது நல்லா இருக்கு சார்."

"நல்லா இருக்கறதைத்தான் சார் உருவணும்."

"நல்லா இருக்கறதை செயலிழந்துடுச்சுன்னு எப்படி சார் எழுதறது? நாளைக்கு யாராவது கேட்டா பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

கொக்கியிலிருந்து கையை எடுத்தேன். என்னை இயக்குநரிடம் கொண்டுபோனார்கள்.

இயக்குநர் பேசும்போதே வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துப் பேசுவார். சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட, உணவு உட்கொள்ளப்பட்டது என்பார். என்னை உட்காரச் சொல்லாமலே விளக்க ஆரம்பித்தார்.

"வட்டு தானாகச் செயலிழந்தால் அது விபத்து. நீங்கள் செயலிழக்கச் செய்தால் அது சேதம். அலுவலகம் உரிய ஒப்புதலோடு, உரிய மரியாதையோடு செயலிழக்கச் செய்தால் மட்டுமே அது சோதனை. இந்த வேறுபாடு தெரியாதவர்களால்தான் நாடு கெட்டது."

சரி என்றேன். என்ன இருந்தாலும் தங்கச்சி வேலை. சோதனைக்கு முன்னால் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் தனியாக ஒரு காப்பி எடுத்து வைத்துவிடலாம், அது என் கடை வழக்கம் என்று மட்டும் சொன்னேன். இயக்குநர் முகம் சுருங்கிவிட்டது.

"நகல் இருக்கும்போதே நகலுக்கு ஒரு நகல் கேட்கிறீர்கள். நாளை அந்த நகலையும் நம்பமாட்டீர்கள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுவதற்குப் பெயர் பரீட்சையா?"

அப்படியென்றால் பழைய காகிதப் பதிவேடுகளாவது இருக்கிறதா என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த ஒரு போட்டோவைக் காட்டினார். பெரிய அரைவை இயந்திரம் ஒன்றின் முன்னால் மொத்த அலுவலகமும் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அத்தனை பதிவேடுகளையும் கூழாக்கிய அன்று எடுத்த படமாம். காகிதத்தை முற்றாக ஒழித்த முதல் அலுவலகம் தங்களுடையதுதான் என்று சொல்லி, இதைக் குறிப்பெடுத்துக்கொள்ளும்படி எனக்கு ஒரு காகிதம் கொடுத்தார்.

அடுத்தது குழு. வட்டுத் தேர்வுக் குழு என்று பெயர். இரண்டில் எந்த டிஸ்கைச் செயலிழக்க வைப்பது என்று முடிவு செய்வது அதன் வேலை. எதுவானால் என்ன, இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொன்னேன். எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒன்றாவது வட்டு சீனியர். சீனியரைப் பிடுங்கினால் இத்தனை நாள் உழைப்புக்கு இதுதான் மரியாதையா என்ற கேள்வி வரும். இரண்டாவதைப் பிடுங்கினால் ஜூனியர் என்றால் இளப்பமா என்ற கேள்வி வரும். இரண்டையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டால் பாரபட்சம் இருக்காதே என்று கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்து சொன்னார். அதற்கு நல்ல ஆதரவு இருந்தது. நான் குறுக்கே விழுந்து கையெடுத்துக் கும்பிட்டு அதைத் தடுத்தேன்.

கடைசியில் ஜூனியர் என்று முடிவானது. அங்கேதான் சட்ட அலுவலர் அம்மா வாயைத் திறந்தார். அதுவரை அந்த அம்மா பென்சில் சீவிக்கொண்டிருந்தார், நானும் சாது என்று நினைத்துவிட்டேன். நன்றாக வேலை செய்யும் ஒன்றைப் பணியிலிருந்து எடுப்பதானால் அதற்கு முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றார். பதில் சொல்ல நியாயமான அவகாசம் தர வேண்டும். இது ஆளுக்குத்தானே பொருந்தும் என்று நான் கேட்டதற்கு, விதியில் ஆள் என்று போட்டிருக்கிறதே தவிர டிஸ்க் இல்லை என்று எங்கேயும் போடவில்லை என்றார்.

நோட்டீஸ் தயாரானது. 'தங்களை ஏன் செயலிழக்கச் செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் தெரிவிக்கவும்.' அதை சர்வரில் ஒட்டினார்கள். ஒட்டினால் மட்டும் போதாது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதால், சுவிட்ச் சார் டிஸ்கின் முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு முறை நிறுத்தி நிதானமாக வாசித்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் தனக்குத்தான் நோட்டீஸ் என்று பதறி எழுந்து ஓடினார். அவகாசம் முழுவதும் காத்திருந்தோம். டிஸ்க் பதில் தரவில்லை. குற்றத்தை அது ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் எழுதினார்கள். என்ன குற்றம் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

இதற்குள் வீட்டில் தங்கச்சி என் கழுத்தில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் சாயங்காலம் வாசலிலேயே நின்று, முடிந்ததா என்று கேட்பாள். இன்றைக்கு டிஸ்குக்கு நோட்டீஸ் கொடுத்தோம் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? மருத்துவமனைக்குப் போன் செய்து நாலு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தாள். போனை எடுத்த மருத்துவமனை அம்மா நல்ல மாதிரிதான், ஆனால் வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடுவதற்குள் சான்று கையில் இல்லையென்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி தங்கச்சி சாப்பிடவில்லை.

மறுநாள் போய் இயக்குநரிடம் நேராகவே கேட்டேன், இப்போது உருவலாமா என்று. ஒத்திகை பார்க்காமல் எப்படி என்றார். ஒத்திகைக்கு உண்மையான டிஸ்கைத் தொடுவது ஆபத்து என்பதால், ஒரு சோப்பு டப்பாவில் வெள்ளிக் காகிதம் சுற்றி, அதை சர்வருக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்கள். இயக்குநர் கையுறை மாட்டிக்கொண்டு சோப்பு டப்பாவை எடுத்தார். சர்வர் நிற்கவில்லை. கைதட்டல் அடங்கவே கொஞ்ச நேரமானது. முதற்கட்டச் சோதனை மகத்தான வெற்றி என்று அறிக்கை எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்கள். அப்படியானால் கவுண்டரைத் திறக்கலாமே என்றேன். ஒத்திகையின் வெற்றியை வைத்துக் கவுண்டரைத் திறக்க முடியாது, தோல்வி அடைந்திருந்தால் தாராளமாக மூடியிருக்கலாம் என்றார்கள்.

ஒரு மத்தியானம் சர்வர் அறையில் எல்லாரும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் செருகிவிட்டால் கதை முடிந்தது. கொக்கி வரை கை போய்விட்டது. ஆனால் என் தங்கச்சி கண் விழித்துப் படித்த படிப்பெல்லாம் இந்தத் தகர டப்பாவுக்குள்தானே கிடக்கிறது என்ற நினைப்பு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. கையை எடுத்துவிட்டேன். அப்போதே இழுத்திருக்க வேண்டும், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஒருவழியாகத் தேதி குறித்தார்கள். கடைசி வெள்ளிக்கிழமை. சோதனை என்றுதான் நான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் வாசலில் பேனர்: 'வட்டுச் செயலிழப்பு விழா. அனைவரும் வருக.' சர்வருக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். மூலைக்கு ஒன்றாகக் கேமரா. நிகழ்ச்சியை வருங்காலத் தலைமுறைக்காக முழுநீளப் படமாக எடுத்து, அதே சர்வரிலேயே சேமித்து வைக்கப் போகிறார்களாம். காலையிலிருந்தே எடுக்க ஆரம்பித்து, நாற்காலி போடுகிற காட்சியே ஒரு படம் அளவுக்கு வந்திருந்தது. டிஸ்க் வடிவத்தில் செய்த கேக் இரண்டு, ஒன்றுக்கொன்று அச்சு அசலாக. தங்கச்சி யூனிஃபார்மிலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சான்று கைக்கு வந்ததும் அப்படியே மருத்துவமனைக்கு ஓடுவதாகத் திட்டம்.

இயக்குநர் ஒலிபெருக்கி முன்னால் நின்று பேசினார்.

"ஒரு வட்டில் நிகழ்வது எதுவோ, அதுவே மறுவட்டிலும் நிகழ்கிறது. ஒன்று ஏன் என்று கேட்பதில்லை. மற்றது எதற்கு என்று கேட்பதில்லை. நம் ஊழியர்களிடம் நான் எதிர்பார்த்ததெல்லாம் இதைத்தான். மேலே இருப்பவர் தவறே செய்தாலும், அதை ஒரு புள்ளி பிசகாமல் கீழே இருப்பவர் செய்ய வேண்டும். அந்தப் பண்பாட்டை ஓர் இயந்திரத்தில் கண்டு நெகிழ்கிறேன்."

ஊழியர்கள் ஒரு புள்ளி பிசகாமல் கைதட்டினார்கள். பிறகு அவர் ரிப்பனை வெட்டி, கையுறை மாட்டி, ஜூனியர் டிஸ்கை உருவினார். சர்வர் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. சத்தம் நின்றது, சர்வர் பாட்டுக்கு ஓடியது. திரும்பச் செருகினார். அது தன்னைச் சரிசெய்துகொள்ளச் சாயங்காலம் ஆகிவிடும் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நன்றியுரை முடிவதற்குள்ளேயே வேலை முடிந்து பச்சை விளக்கு எரிந்தது. சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். 'இரு வட்டுகளும் முழுமையாக ஒத்திருக்கின்றன' என்று பிரிண்டர் துப்பிய காகிதத்தில் வெளி நிபுணர் என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். இரண்டு டிஸ்கையும் அரக்கு வைத்து முத்திரையிட்டார்கள்.

ஓட்டமாக ஓடிக் கவுண்டருக்குப் போனோம். தங்கச்சி தன் பழைய பதிவு எண்ணைச் சொன்னாள். கவுண்டர்காரர் தட்டிப் பார்த்து, அப்படி யாரும் இல்லை என்றார். பெயரைச் சொன்னாள். இல்லை. கூடப் படித்தவர்கள் பெயரைச் சொன்னாள். அவர்களும் இல்லை. மொத்தம் எத்தனை நர்ஸ் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன். பூஜ்ஜியம் என்று வந்தது. இந்தப் பதிவகம் தொடங்கிய நாளிலிருந்து இந்த நாட்டில் நர்ஸே கிடையாது என்றது கம்ப்யூட்டர்.

சுவிட்ச் சாரைப் பிடித்து இழுத்துவந்தேன். அவர் பதறவே இல்லை.

"விழா படம் ரொம்பப் பெரிசு சார், இடம் பத்தலை. பதிவுன்னு ஒரு ஃபோல்டர் இடத்தை எல்லாம் அடைச்சுக்கிட்டு கிடந்துச்சு. காலையில ஒண்ணாவது டிஸ்க்ல இருந்து அதை அழிச்சுட்டேன். ரெண்டாவதுலதான் காப்பி இருக்கே?"

"சார், ஒண்ணுல எழுதினா அடுத்ததுலயும் எழுதும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியுமே. அதான சார் மிரரு."

"அழிச்சா?"

அவர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். "அழிக்கிறதையுமா சார் காப்பி அடிக்கும்?" என்றார்.

காப்பி அடிக்க ஒன்றுமே இல்லாததால்தான் பச்சை விளக்கு அவ்வளவு சீக்கிரம் எரிந்திருக்கிறது. விழா முடிந்த கையோடு, அழித்த இடத்தின்மேல் ஒத்திகை, நாற்காலி போட்டது, ரிப்பன் வெட்டியது என்று அத்தனை படத்தையும் ஏற்றியிருந்தார்கள். ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கிறேன், டிஸ்கை என் கையில் கொடுங்கள் என்று கேட்டேன். முத்திரையை உடைத்தால் சோதனையின் வெற்றி ரத்தாகிவிடும் என்றார்கள். தங்கச்சி சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "நான் நர்ஸ்தானேண்ணா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கட்டடத்தையே ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருப்பேன்.

அவளை எழுப்பிக் கையைப் பிடித்துக்கொண்டு நேரே இயக்குநர் முன்னால் போய் நின்றேன். அவர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சட்ட அலுவலர் அம்மா. நடந்ததைச் சொன்னேன். அவள் தன் பழைய சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவருடைய கையெழுத்தே அதில் இருந்தது. அவர் அதை ஒரு விரலால் நகர்த்தினார்.

"காகிதத்தை நாங்கள் ஒழித்துவிட்டோம் அம்மா. ஒரு வட்டில் மட்டும் நீங்கள் இல்லையென்றால் அது கோளாறு. உடனே வருந்தியிருப்பேன். இரண்டு வட்டிலும் இல்லையென்றால் அது உண்மை. உண்மைக்கு நான் என்ன செய்ய முடியும்?"

சொல்லிவிட்டு அடுத்த துண்டை வாயில் போட்டார். அத்தோடு பேச்சு நின்றுவிட்டது. கண் பிதுங்கியது. கை தொண்டைக்குப் போனது. முகம் சிவந்து நீலமாக ஆரம்பித்தது. சட்ட அலுவலர் அம்மா பென்சிலைக் கீழே போட்டுவிட்டு அலறினார். சுவிட்ச் சார் இயக்குநரை எங்கே ஆஃப் பண்ணுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். நான் மரம் மாதிரி நின்றேன்.

தங்கச்சி மட்டும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தாள். அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். அசையவில்லை. பின்னாலிருந்து கட்டிப்பிடித்து வயிற்றில் முஷ்டியை வைத்து மேல்நோக்கி அமுக்கினாள். மூன்றாவது அமுக்கலில் கேக் துண்டு பறந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவில் ஒட்டிக்கொண்டது. இயக்குநருக்கு மூச்சு வந்தது. அவள் நாடி பிடித்துப் பார்த்தாள், தண்ணீரை மெதுவாகக் குடிக்கச் சொன்னாள், சட்டைப் பொத்தானைத் தளர்த்தினாள். அந்த நேரத்தில் அவள் முகத்தில் கோபமே இல்லை.

இயக்குநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"இவர் பதிவு பெற்ற செவிலியரா?" என்று கேட்டார்.

"இரண்டு வட்டுலயும் இல்லைங்க சார்" என்றார் சட்ட அலுவலர் அம்மா.

"அப்படியென்றால் பதிவில்லாத ஒருவர், பதிவகத்துக்குள்ளேயே, பதிவக இயக்குநருக்கே சிகிச்சை அளித்திருக்கிறார். இதைவிடப் பெரிய குற்றம் உண்டா? நடவடிக்கை எடுங்கள்."

நான் அவர்மேல் பாயப் போனேன். தங்கச்சிதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சுவிட்ச் சார் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நோட்டீஸ் அடிக்க ஆரம்பித்தார். அடித்தார், அடித்தார், பிரிண்டர் அசையவில்லை. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். அப்போதும் இல்லை. கடைசியில்தான் சொன்னார், யார்மேல் நடவடிக்கையோ அவருடைய பதிவு எண்ணைப் போடாமல் நோட்டீஸ் வெளியே வராது, கம்ப்யூட்டர் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது என்று. சட்ட அலுவலர் அம்மாவும் விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பதிவேட்டில் இல்லாத ஒருவரைத் தண்டிக்கப் பதிவகத்துக்கு அதிகாரமே இல்லையாம்.

இயக்குநர் யோசிக்கக்கூட இல்லை. குற்றவாளி தப்பிவிடக் கூடாது என்ற ஒரே எண்ணம் அவருக்கு. "உடனே இவரைப் பதிவு செய்யுங்கள். பிறகு நடவடிக்கை எடுங்கள்" என்றார்.

பழைய சான்றிதழைப் பார்த்துச் சுவிட்ச் சார் ஒவ்வொன்றாக ஏற்றினார். பெயர், படிப்பு, பயிற்சி. தகுதி: செவிலியர். பதிவு எண் என்ற இடத்தில் கம்ப்யூட்டர் தானாகவே ஒன்று என்று போட்டுக்கொண்டது. புதிதாகப் பதிவு செய்தால் தானாகவே அச்சாகும் சான்று, அவள் நர்ஸ்தான் என்று முத்திரையோடு முதலில் வந்தது. அதன் பின்னால் நோட்டீஸ் வந்தது. அதை வாங்கிப் படித்த சட்ட அலுவலர் அம்மா புருவத்தைத் தூக்கினார். இவர் இப்போது பதிவு பெற்ற நர்ஸ் ஆகிவிட்டதால் சிகிச்சை அளித்தது குற்றமே இல்லை, வழக்கு நிற்காது என்றார். நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். சான்றை வாபஸ் வாங்க விதி இல்லை. தங்கச்சி அதைச் சுருட்டிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆபீஸ் மூடுவதற்குள் மருத்துவமனைக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருக்கிறாள்.

விஷயம் மற்ற நர்ஸ்களுக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? என் தங்கச்சிக்கு வாய் சும்மா இருக்காது என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன். பதிவகத்துக்குள் போய் யாருக்காவது சிகிச்சை அளித்துக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டால் போதும், பதிவு கிடைத்துவிடும் என்று ஊர் பூராவும் பரவிவிட்டது. இப்போது காலையில் கதவு திறக்கும்போதே பிரஷர் பார்க்கிற கருவியும் கட்டுத்துணியுமாக வாசலில் பெரிய வரிசை நிற்கிறது. சட்ட அலுவலர் அம்மா பென்சில் சீவும்போது விரலில் லேசாகக் கீறிக்கொண்டார். முழங்கை வரை கட்டுப் போட்டுவிட்டுத்தான் விட்டார்கள். சர்வர் அறையில் கண்ணயர்ந்தவர்களை மயக்கம் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இயக்குநர்தான் பாவம். அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தும்மல் வந்தால் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.